நந்தியாவட்டையில் நீலக்கண் பச்சைப் புழு: மருந்து அடிக்கலாமா?

உப்புவெளி, திருகோணமலை:
வணக்கம். எங்கள் முற்றத்து நந்தியாவட்டையில்தான் அம்மா நாள்தோறும் பூசைக்குப் பூப்பறிப்பார். மாரிமழை ஓய்ந்து செடி தளிர்த்திருக்கும் இந்நாட்களில், விரல் பருமனுள்ள பச்சைப் புழுக்கள் நான்கு அதன் கொழுந்துகளைத் தின்று தீர்க்கின்றன. தொட்டவுடன் தலையை உள்ளிழுத்து, நீலக் கண்கள் இரண்டைக் காட்டுகின்றன. வாலில் சிறிய மஞ்சள் கொம்பும் உண்டு. மயிர்க்கொட்டி பட்டாற்போலத் தோல் தடிக்குமா? மருந்து அடிக்கலாமா?

மூதூர்:
எங்கள் பட்டிப்பூவிலும் இவை வந்தன. வெறுங்கையால் எடுத்தேன், கடியுமில்லை, அரிப்புமில்லை. ஒன்று திடீரெனக் கபில நிறமானதால், நோயென்று எண்ணி எறிந்துவிட்டேன்.

திருகோணமலை நகர்:
மூதூர் அன்பர் கண்டது நோயன்று; கூட்டுப்புழுவாகும் வேளை நெருங்கியதன் அடையாளம். இது அலரிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. 1758இல் லின்னேயசு விவரித்த இவ்வினத்தின் அறிவியற்பெயர் டாப்னிஸ் நெரீ. அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் மூன்றிலும் இது முட்டையிடும். அலரியின் நஞ்சு மனிதரின் இதயத்துடிப்பையே குலைக்க வல்லது. அந்த இலையை உண்டே இப்புழு வளர்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக உள்ளது.

நீங்கள் கண்டவை உண்மையான கண்கள் அல்ல. தலைக்குப் பின்னுள்ள அப்புள்ளிகளைப் புழு அச்சமுறும்போது உப்பிக் காட்டிப் பறவைகளை மிரட்டுகிறது. முழு வளர்ச்சியில் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் இருக்கும். பிறகு நிலத்துக்கு இறங்கி, சருகுகளைத் தளர்வான இழையால் பிணைத்து, அதனுள் கூட்டுப்புழுவாகிறது. வெளிவரும் பூச்சியின் சிறகுகளில் பாசிப்பச்சையும் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்திருப்பதால், இலைகளிடையே அமர்ந்தால் கண்டுபிடிப்பது அரிது. அந்திக்குப் பின் மல்லிகை போன்ற மணமுள்ள பூக்களின் முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும். ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழும் இது, கோடையில் ஐரோப்பா வரை பறந்து செல்லும் வலிமையுடையது.

நான்கு புழுக்களால் நந்தியாவட்டை பட்டுப்போகாது, மீண்டும் தளிர்க்கும். மருந்து அடித்தால் அந்தப் பூவைப் பூசைக்கும் எடுக்க முடியாது. பூப்பறிக்கும் கிளைகளிலிருந்து அவற்றை உட்கிளைகளுக்கு மாற்றி விடுங்கள். அடியிலுள்ள சருகைச் சில வாரம் கூட்டாதீர்கள்.

உப்புவெளி, திருகோணமலை:
மிக்க நன்றி. இன்று காலை ஒன்று கபில நிறமாகி மண்ணுக்கு இறங்கியது. அவ்விடத்தைச் சுற்றி அம்மா நான்கு கற்கள் வைத்திருக்கிறார்.