சென்சார் தீரப்போகிறது, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம். வெளிநாட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்கு 9 வயது, டைப் 1 சர்க்கரை. சர்க்கரை அளவைக் காட்ட அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் நாளை மறுநாள் முடிகிறது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. கடையில் விலை கேட்டதும் கால் நடுங்கிவிட்டது. காப்பீட்டு அட்டை வரவில்லை. இன்சுலின் செலுத்தும் பம்ப்பும் வாங்கச் சொல்கிறார்கள். எப்படித் தாக்குப்பிடிப்பது?

பதில் 1: அக்கா, மாவுச்சத்தைக் குறையுங்கள். என் அப்பாவுக்கு மாத்திரையே நின்றுவிட்டது.

பதில் 2: அது டைப் 2. இந்தக் குழந்தை சாப்பிடாமல் இருந்தாலும் இன்சுலின் போட்டே ஆகவேண்டும். தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள்.

பதில் 3: நான் வந்த புதிதில் ஆறு மாதம் விரலில் குத்தித்தான் பார்த்தேன். தினமும் எட்டு முறை. விரல் நுனியெல்லாம் கறுப்புப் புள்ளி. நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. சென்சார் இல்லாமலும் முடியும்.

பதில் 2 எழுதியவர் மீண்டும்: பகலில் முடியும். என் பையனுக்கு ராத்திரி 3 மணிக்குச் சர்க்கரை 52-க்கு இறங்கியபோது எங்களை எழுப்பியது சென்சாரின் அலாரம்தான். பம்ப்பைத் தள்ளிப்போடுங்கள், சென்சாரை விடாதீர்கள்.

பதில் 4: பம்ப்போடு செலவு முடிவதில்லை. ஊசிக்குழாய் செட்டை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். என் காப்பீட்டில் ‘முன்பே இருந்த நோய்’ என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா 1 டாலருக்குக் கொடுத்தார்கள். இன்று நாம் படும் பாடு!

பதில் 5: ஆதங்கம் நியாயம்தான். ஆனால் ஒட்டியிருக்கும் சென்சாருக்கு இரண்டு நாள்தான், அதற்கப்புறம் கையிருப்பு ஒன்றே ஒன்று. அக்கா, எந்த நாடு, என்ன விசா, எந்த சென்சார்? இதைச் சொல்லாமல் யாரும் சரியாக வழிகாட்ட முடியாது. முதலில் இன்சுலின் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். சென்சார் இல்லாவிட்டால் விரலில் குத்திப் பார்க்கும் ஸ்டிரிப் இருக்கிறது, இன்சுலினுக்கு மாற்று இல்லை. நாளைக் காலையே மருத்துவமனையின் குழந்தைகள் சர்க்கரைப் பிரிவைக் கூப்பிடுங்கள், சில இடங்களில் மாதிரி சென்சார் கொடுப்பார்கள். பழைய மருத்துவரிடம் ‘டைப் 1’ என்று தெளிவாக எழுதிய கடிதம் வாங்குங்கள். சென்சார் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். நாள் முடியுமுன் கழன்றால் அதிலுள்ள வரிசை எண்ணைச் சொல்லி நிறுவனத்திடம் மாற்று கேட்கலாம். அப்புறம், புது மீட்டரில் அலகைப் பாருங்கள். நமக்குப் பழகிய 180 (mg/dL) பல நாடுகளில் 10 (mmol/L) என்று காட்டும்.

கேட்டவர்: எண்ணிப் பார்த்தேன். இன்சுலின் பேனா நான்கு, ஸ்டிரிப் ஒரு பெட்டி. காலையில் கூப்பிட்டுவிட்டு, நாடு, விசா விவரத்தோடு எழுதுகிறேன்.