கலைச்சொல்: அடிபட்டவர் மேலும் தப்பிருந்தால் அதற்கு என்ன பெயர்?

ஈரோடு, பாடக்குறிப்புக் குழு:
இன்சூரன்ஸ் தரப்பில் ஆஜராகும் ஜூனியர்களுக்கான குறிப்பு திங்கட்கிழமை வகுப்புக்குப் போகணுங்க. ‘கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் பாக்கி. ‘கூட்டுக் கவனக்குறைவு’ என்றால் ‘காம்போசிட்’டோடு (அடிபட்டவர் மேல் தப்பில்லாமல், மற்றவர்கள் தப்பு ஒன்றுசேர்வது) குழம்பும். பெருந்துறை ரோட்டில் மொபெட்டும் லாரியும் மோதி, மொபெட் ஓட்டியவர் மேல் 25 சதவீதம் தப்பு என்று முடிவானால், அவருக்குரிய 8 லட்சத்தில் 2 லட்சம் கழியும். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு இது காம்போசிட்; அவர் மனுவில் அந்தக் கழிவு கிடையாது. முழுத்தொகையையும் லாரி தரப்பிடமே வாங்கலாம் (கெனெய் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2015). சொல் தவறினால் எதிருரையே (மனுவுக்கு நாம் தரும் பதில்) தவறும்.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:
குறளின் 54ஆம் அதிகாரம் எதற்கு இருக்கிறது? பொச்சாவாமை! அதாவது பொச்சாப்பு, அசட்டையான மறதி, கூடாது என்பது. உரைகாரர் பரிமேலழகர் அங்கே தற்காத்தலில் சோர்வதைச் சொல்கிறார். தன்னைக் காத்துக்கொள்ளத் தவறியவன்தானே உங்கள் மொபெட்காரன்? ‘தற்சோர்வு’ என்று வையுங்கள்.

திருப்பூர்:
ஐயா, பொச்சாப்பு என்று சொன்னால் பையன்கள் சிரித்து ஓய்வதற்குள் பீரியடே முடிந்துவிடும். தற்சோர்வு என்றால் தூக்கக்கலக்கம் என்பார்கள். எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்றுதானே இருக்கிறது? ‘தன் அஜாக்கிரதை’ போதும்.

பொள்ளாச்சி:
வடமொழியில் ‘ஜாக்ரத்’ என்றால் விழித்திருப்பது. அப்படிப் பார்த்தால் தூக்கக்கலக்கம் உங்கள் சொல்லில்தான் அதிகம்.

தாராபுரம், வழக்கறிஞர்:
வேரை விடுங்க, ‘பங்கு’ என்ற சொல் உள்ளே வந்தாகணும். ஹெல்மெட் இல்லை, ஒரே வண்டியில் மூன்று பேர் என்று எழுதினால் மட்டும் கழிவு கிடைக்காது. அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமானதைக் காட்டணும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. நிரூபிக்கும் சுமை நம் தலையில். பார்வை மகசரையும் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுவது) வரைபடத்தையும் சான்றாகக் குறியீடு செய்யாமல், டிரைவரையும் கூண்டேற்றாமல் விட்டால் அந்த 25 சதவீதம் காகிதத்தோடு சரி. லாரி ஓனர் எக்ஸ்பார்ட்டி ஆனால் (கோர்ட்டுக்கு வராமல் விட்டால்) மோட்டார் வாகனச் சட்டம் 170ஆம் பிரிவில் அனுமதி வாங்கி வையுங்க; மனுவில் எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் நோட்டீஸ் மட்டும் வந்த கம்பெனிக்கு அது இல்லாவிட்டால் தப்பு யார் மேல் என்று பேசவே வாய் இருக்காது. என் ஓட்டு: ‘தன்பங்குக் கவனக்குறைவு’.

கோபி:
அகராதிக்காரர்கள் ‘பங்களிப்பு’ என்று எழுதுவதைவிட இது தேவலை. அது என்னமோ கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்த மாதிரி! ஆனால் நம்ம ஊரில் பங்கு என்றதும் பங்காளிச் சண்டைதான் ஞாபகம் வரும்.

திருப்பூர்:
பாதி விபத்து வழக்கு அந்த மாதிரிதானுங்க. சரி, தன்பங்கே இருக்கட்டும்.

ஈரோடு:
மூன்று பேர் சொல்லியாயிற்று. ‘தன்பங்குக் கவனக்குறைவு’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். காம்போசிட்டுக்கு இப்போதைக்குக் ‘கூட்டுக் கவனக்குறைவு’.

பொள்ளாச்சி:
ஐந்தெழுத்தில் முடிகிற இடத்தில் பதின்மூன்று எழுத்து. என் எதிருரையைப் பதிந்துகொள்ளுங்கள்.