ரயரில் இருக்கும் 70க்குத் தமிழில் என்ன பெயர்?

கல்லடியிலிருந்து:

தூரப் பயண மோட்டார் சைக்கிளுக்கு முன் ரயர் தெரிவுசெய்வது பற்றிய வழிகாட்டி முடியப்போகிறது. ஒரு சொல்தான் இடிக்கிறது. ரயரின் பக்கத்தில் 120/70 இசட்ஆர் 17 என்று இருக்கும். 120 அகலம், மில்லிமீற்றரில். 17 றிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் உள்ள 70ஐ அஸ்பெக்ட் ரேஷியோ என்கிறார்கள். வரைவில் 'தோற்ற விகிதம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

அக்கரைப்பற்றிலிருந்து:

சரியில்லை தம்பி. ரயருக்கு என்ன தோற்றம்? வாங்குகிறவர் வடிவைப் பற்றிய கதை என்று நினைப்பார். றிம்மின் ஓரத்திலிருந்து ரோட்டில் படும் முகப்பு வரை ரயரின் பக்கம் எவ்வளவு உயரம், அது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைத்தான் 70 சொல்கிறது. 120இல் நூற்றுக்கு 70 என்றால் 84 மி.மீ. மறுகா, இது விகிதமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் 2:3ஐ விகிதம் என்று படிப்பித்தார்கள். நூற்றுக்கு இத்தனை என்றால் வீதம். 'உயர வீதம்' போதும்.

ஆரையம்பதியிலிருந்து:

வீதம் என்பதை ஏற்கிறேன். ஆனால் எதன் உயரம்? சீற்றினதா, சில்லினதா? பெயரைத் தெளிவில்லாமல் வைத்தால் பிழையும் அதோடு சேர்ந்து வரும். 120/70 இல்லாதபோது 110/70ஐ எடுத்து, "இதுவும் 70தானே" என்று பூட்டிவிடுகிறார்கள். வீதம் ஒன்றுதான், உயரம் ஒன்றல்ல. 110இல் 70 வீதம் 77 மி.மீ. 17 அங்குலம் 431.8 மி.மீ. என்பதால், முழு விட்டம் 599.8இலிருந்து 585.8க்கு இறங்கிவிடும். அதைவிடக் கேடு, 120/70க்குரிய 3.5 அங்குல றிம்மில் 110ஐ ஏற்றினால் ரயரின் இரண்டு ஓரமும் அகல இழுபட்டு, உருண்டிருக்க வேண்டிய முகப்பு தட்டையாகும். வளைவில் சரிக்கும்போது பைக் ஒரே சீராகச் சாயாது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும்: வீதத்துக்கு ஒன்று, மில்லிமீற்றருக்கு ஒன்று. அதற்கு முன்னர் அந்தப் பக்கத்துக்கே பெயர் வேண்டும். 'பக்கச்சுவர்' எனக்கு ஒவ்வவில்லை. சுவர் அசையாது. இது பாரம் ஏற்றினால் உப்பும், குழியில் விழுந்தால் மடியும். 'கன்னம்' என்போம். 120/70இல் கன்ன உயரம் 84 மி.மீ., கன்னவீதம் 70.

காத்தான்குடியிலிருந்து:

கன்னம் நல்லாயிருக்கு சேர். கள்ளன் சுவரில் போடுகிற ஓட்டையும் கன்னம்தான் என்று யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும், ரயரின் கன்னத்தில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடக் கூடாது, ரயரையே மாற்ற வேண்டும் என்பது அந்தச் சிரிப்போடு நினைவில் நிற்கும்.

சொல்லை ஓட்டிப் பார்ப்போம். 120/60 போட்டால் கன்ன உயரம் 72. விட்டம் 24 மி.மீ. குறையும், பைக்கின் முன்பக்கம் 12 மி.மீ. தாழும். முன் போர்க் நிமிர்ந்து கைபிடி இலேசாகும். சாமான் பெட்டி பின்னால் பாரமாக இருக்கும்போது வேகத்தில் முன்சில்லு பதறுவதற்கும் அதுவே இடம் கொடுக்கும். முன்சில்லிலிருந்து வேகம் எடுக்கும் மீற்றராக இருந்தால் மணிக்கு 100 கி.மீ.இல் போகும்போது சுமார் 104 என்று கூட்டிக் காட்டும். செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறுகிறவர் குழியில் விழுந்தால், கன்னம் குட்டையாக இருப்பதால் றிம் நெளியும் வாய்ப்பும் கூடும். மாறாக 120/80 என்றால் கன்ன உயரம் 96. மட்காட்டில் உரசுமா என்று சில்லைக் கையால் சுற்றிப் பார்க்காமல் ஓடக்கூடாது.

ஒரு விசயம்: 'கன்ன விகிதம்' என்று யாரும் திருத்திவிடாமல் பாருங்கள்.

கல்லடியிலிருந்து:

நன்றி காக்கா, சேர். 'தோற்ற விகிதம்' வெட்டியாயிற்று. அளவை வாசிக்கும் வரி இனி இப்படி: "120 அகலம், 70 கன்னவீதம், ஆரைப் பின்னல், 17 அங்குல றிம்." 'ஆர்' என்ற எழுத்துக்கு ஆரைப் பின்னல் (ரேடியல்: உள்நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும்), அது இல்லாததற்குக் குறுக்குப் பின்னல் (நூல்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டும்). 'இசட்' வேகக் குறி. பின்சில்லில் ஆரைப் பின்னல் இருக்க, முன்னால் விலை குறைவென்று குறுக்குப் பின்னலைப் போட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதே பந்தியில் வரும். அளவுக்குப் பின்னால் இருக்கும் 58 பாரச் சுட்டு, அதாவது ரயர் ஆகக்கூடியது 236 கிலோ தாங்கும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அம்புக்குறி சில்லு உருளும் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய 2.75 - 17 போன்ற அளவுகளில் நடு எண்ணே கிடையாது. அங்கே என்ன எழுத?

ஆரையம்பதியிலிருந்து:

"கன்னவீதம் அச்சிடப்படவில்லை, ஏறத்தாழ 100 எனக் கொள்க" என்று எழுதுங்கள். 2.75 அங்குலத்தில் அகலம், கன்னமும் கிட்டத்தட்ட அதே உயரம். 'தோற்றம்' என்று வைத்திருந்தால் இந்த வரியை எழுதியே இருக்க முடியாது.