அப்பாவின் படத்திறப்புக்கு ஒரு பாட்டு

நான்: அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு அப்பாவின் பதினாறாம் நாள்; மாலை 6 மணிக்குப் படத்திறப்பு. தேவாரம் பாடி முடித்ததும் அப்பாவுக்குப் பிடித்த, பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டைப் போடலாம் என்று அண்ணனும் நானும் நினைக்கிறோம். மைக் செட்காரர் நாளைக் காலைக்குள் பாட்டைக் கேட்டிருக்கிறார். மறுப்பு இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

அத்தை: அது போதைப் பாட்டு என்று மாமா சொல்கிறார். கடைசியில் ‘பாலைப் புதைத்துவிட்டேன்’ என்று ஒரு குரல் கேட்கிறதாம்; பால் என்பது ஆள் பெயராம். துக்க வீட்டில் புதைப்பதைப் பற்றிய பாட்டு எதற்கு?

மாமா: காணொளியை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் பாருங்கள்.

சித்தப்பா: அக்கா, அந்தக் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார், அதை மறைக்கிறார்கள் என்று 1969இல் அமெரிக்காவில் ஒரு வதந்தி பரவியது. அதை நம்பியவர்கள் பழைய இசைத்தட்டுகளில் எல்லாம் துப்புத் தேடியபோது இந்தப் பாட்டின் கடைசி முணுமுணுப்பும் அவர்களிடம் அகப்பட்டுக்கொண்டது. அங்கே பாட்டை எழுதிப் பாடிய ஜான் லெனன் சொல்வது ‘கிரான்பெரி சாஸ்’ என்பதுதான். அதை அவரே பின்னாளில் தெளிவுபடுத்தினார். வான்கோழிக் கறிக்குத் தொட்டுக்கொள்ளும் பழத் துவையல் அது.

மாமா: துவையலைப் பாட்டில் எதற்குச் சொல்ல வேண்டும்?

சித்தப்பா: பாட்டு முடிந்து வாத்தியங்கள் ஓயும் நேரத்தில் விளையாட்டாகச் சொன்னது, அத்தான்.

போதைப் பாட்டு என்பதற்கும் பதில் சொல்கிறேன். லெனன் அந்த ஆண்டுகளில் எல்எஸ்டி என்ற போதைப்பொருளை எடுத்துக்கொண்டவர்தான். அவரே அதை மறைக்கவில்லை. கனவில் கேட்பதுபோல ஒலிகளைக் குழைத்துத் தரும் அந்தக் காலத்துப் பாணிக்கே சைகடெலிக் என்று பெயர். ஆனால் இந்தப் பாட்டு ஒரு தோட்டத்தை நினைத்து எழுதப்பட்டது. லிவர்பூலில் உல்டன் என்ற பகுதியில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு 1936 முதல் நடத்திவந்த குழந்தைகள் இல்லத்தின் பெயர்தான் ஸ்ட்ராபெரி ஃபீல்ட். லெனன் தாயிடம் வளரவில்லை. தாயின் அக்காளான மிமி, நம் முறைப்படி பெரியம்மா, பக்கத்து மென்லவ் அவென்யூவில் வைத்து அவரை வளர்த்தார். கோடைதோறும் அந்த இல்லத்துத் தோட்டத்தில் விழா நடக்கும். பேண்டு வாத்தியம் கேட்டவுடனே பெரியம்மாவைக் கிளம்பச் சொல்லித் துள்ளுவாராம். அவருடைய 17ஆவது வயதில், 1958 ஜூலையில், அக்காளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தாய் ஜூலியா அதே மென்லவ் அவென்யூவில் கார் மோதி இறந்தார். 1966 ஆகஸ்டில் குழு தன் கச்சேரிப் பயணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்பின் ஸ்பெயினின் அல்மேரியாவில் ஒரு படத்தில் நடிக்கப் போயிருந்த லெனன், அங்கே கிதாரை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிய பாட்டு இது. அதில் தனிமை இருக்கிறது, அக்கா. புதைப்பது எதுவும் இல்லை.

மாமா: எங்கள் நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனையை நடத்தும் அதே இரட்சணிய சேனையா?

சித்தப்பா: அதேதான், அத்தான்.

மாமா: நான் பிறந்ததே அந்த மருத்துவமனையில்தான். அப்படியானால் எனக்கு மறுப்பில்லை.

அத்தை: எனக்கு ஒன்று கேட்க வேண்டும். 1974இல் என் அண்ணன், உங்கள் அப்பா, லிவர்பூலிலிருந்து ஊர் திரும்பியபோது அந்த இசைத்தட்டை எனக்கென்றுதான் கொண்டுவந்தார். தம்பி அதை விடுதிக்கு எடுத்துப் போனான். இன்றுவரை அது என் கைக்கு வரவில்லை.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், அக்கா. பத்திரமாக இருக்கிறது. மறுபக்கத்தில் ‘பென்னி லேன்’ இருக்கிறது. 1967 பிப்ரவரியில் இரண்டையும் சமமான பாட்டுகளாகவே வெளியிட்டார்கள்; ஆனாலும் பிரிட்டனில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. 1963 முதல் வரிசையாக முதலிடத்தைப் பிடித்துவந்தவர்களை அப்போது தடுத்து நிறுத்தியவர் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அவர் நம் சென்னையில் பிறந்தவர்.

மருமகள்: சின்னத் தாத்தா, ஞாயிற்றுக்கிழமை பாட்டோடு சேர்ந்து கிதார் வாசிக்கலாம் என்று நேற்று முழுவதும் முயன்றேன். சுருதி எங்கேயும் ஒட்டவில்லை. என் கிதாரில் குறையா?

சித்தப்பா: உன் கிதாரில் குறையில்லை, கண்ணு. 1966 நவம்பர் 24ஆம் தேதி லண்டனின் ஆபி ரோடு கூடத்தில் தொடங்கி டிசம்பர் வரை அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். ஒன்று மென்மையாக அமைந்தது. தொடக்கத்தில் புல்லாங்குழல்போல் ஒலிப்பது மெல்லோட்ரான் என்ற கருவி, வாசித்தவர் மெக்கார்ட்னி. இன்னொன்றில் நான்கு டிரம்பெட்டும் மூன்று செல்லோவும் சேர்ந்து கனமாக ஒலித்தன. லெனனுக்கு முந்தையதன் தொடக்கமும் பிந்தையதன் முடிவும் பிடித்திருந்தன. இரண்டையும் ஒட்டித் தரச் சொன்னார். சுருதியும் வேறு, காலப்பிரமாணமும் வேறு என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தயங்கினார். ஆனால் வேகமான பதிவுதான் சுருதியிலும் உயர்ந்திருந்தது. நாடாவை மெதுவாக ஓட்டினால் வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். அவரும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் அப்படியே ஓட்டத்தைச் சரிசெய்து, 7ஆவது பதிவையும் 26ஆவது பதிவையும் வெட்டி ஒட்டினார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனதும் குரல் சற்றுக் கனத்துக் கேட்கும்; ஒட்டு அங்கேதான் இருக்கிறது. இந்த ஓட்ட மாற்றங்களால்தான் பாட்டு ‘ஏ’ சுருதிக்கும் ‘பி ஃபிளாட்’ சுருதிக்கும் நடுவில் நிற்கிறது. தந்திகளைக் காதால் கேட்டே கூட்டிக்கொள். நடுநடுவே சரசரவென்று இறங்கிவரும் தந்தி ஒலியை விட்டுவிடாதே. அது சுவர்மண்டல், அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த நம் நாட்டு வாத்தியம்.

மருமகள்: நான் தனியாகக் கிதாரில் வாசித்தால் என்ன? அல்மேரியாவில் அவர் பாடியதும் அப்படித்தானே?

சித்தப்பா: அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் அண்ணன் கேட்டது இசைத்தட்டை.

அத்தை: பாட்டு நன்றாகவே இருக்கட்டும். 1971இல் நம் அப்பா இறந்தபோது அண்ணன் வரவில்லை. கொள்ளி வைக்கத் தலைமகன் இல்லையே என்று ஊரே பேசியது. அந்த ஊர்ப் பாட்டை நடுவீட்டில் போடுகிறோம் என்றால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

அண்ணன்: அத்தை, 2019இல் நான் அப்பாவை அந்த ஸ்ட்ராபெரி ஃபீல்டுக்கு அழைத்துப் போனேன். அந்த இல்லத்தை 2005இலேயே மூடிவிட்டார்கள். 2019 செப்டம்பரில்தான் தோட்டத்தை முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கற்றலில் சிரமமுள்ள இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி தரும் இடமும் இப்போது அங்கே இருக்கிறது. லிவர்பூலில் இருந்த ஆறு ஆண்டுகளும் அப்பா அந்த இல்லத்தின் சிவப்புக் கதவுக்கு வெளியிலிருந்தே அந்தத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறார். அன்று உள்ளே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நியூயார்க்கில், லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட வீட்டுக்கு எதிரே, சென்ட்ரல் பூங்காவிலும் 1985இல் இதே பெயரில் ஓர் இடத்தை ஒதுக்கினார்கள். அதை நான் படத்தில் காட்டியபோது, தமக்கு இந்தக் கதவு போதும் என்றார்.

அம்மா: நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மாமனார் இறந்த தந்தி கிடைத்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று மாலை அவர் அந்தச் சிவப்புக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார் என்று எனக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பீரோவில் இருக்கிறது. நாத்தனார் வந்தால் காட்டுகிறேன்.

அத்தை: இதை ஏன் அண்ணி இத்தனை வருடம் சொல்லவில்லை?

நான்: அத்தை, அம்மா பூஜை அறைக்குப் போய்விட்டார்கள். நீங்கள் நேரில் பேசிக்கொள்ளுங்கள். பாட்டு முதலில் ஒருமுறை ஓய்ந்து, சில நொடிகளில் திரும்ப எழுந்து வருகிறது. வந்தவர்கள் குழம்பக் கூடாது என்றால் முதல் ஓய்விலேயே நிறுத்தச் சொல்லட்டுமா? அந்த முணுமுணுப்பும் கேட்காது.

மாமா: அதுவே நல்லது.

சித்தப்பா: வெட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னது அந்த ஓய்வில்தான்.

அண்ணன்: இரவு மைக் செட்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அத்தை: நாங்கள் நாளை வைகை எக்ஸ்பிரஸில் வருகிறோம். தம்பி, தட்டை மறந்துவிடாதே.