ஏரி எல்லைகளைப் பகிர எந்தக் கோப்பு வடிவம் ஏற்றது?

கேள்வி: எங்கள் வட்டாரத்து ஏரிகளின் எல்லைகளையும் மதகுகளின் இருப்பிடங்களையும் நண்பர்களுடன் பகிர விரும்புகிறேன். ஷேப்ஃபைல் (வரைபடத் தரவுக்கான ஒரு கோப்பு வடிவம்) போதுமா, அதைவிட எளிய வடிவம் உள்ளதா?

மறுமொழி 1: ஷேப்ஃபைலைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே தரவு பல கோப்புகளாகப் பிரிந்திருப்பதால், அனுப்பும்போது ஒன்று விடுபட்டாலும் சிக்கல்தான். மேலும், புலப்பெயருக்கு (தரவு அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புக்கு) 10 பைட்டுகளே இடம் உண்டு என்பதால், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 12 பைட்டுகள் கேட்கும் 'மதகு' என்ற சிறிய பெயர்கூட அதில் முழுமையாக அடங்காது. இடத்தரவை ஒரே உரைக்கோப்பாக வைக்கும் ஜியோஜேசன் வடிவம் உங்களுக்குப் பொருந்தும்.

மறுமொழி 2: உடன்படுகிறேன். ஆனால், 2016-இல் வெளியான ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தர ஆவணத்தின்படி, ஜியோஜேசனில் நெட்டாங்கை முதலிலும் அகலாங்கைப் பின்னரும் எழுத வேண்டும், 80.27, 13.08 என்பதை மாற்றி எழுதினால் சென்னை ஆர்க்டிக் கடலில் போய் விழும் (நானும் ஒருமுறை விழுந்தவன்தான்). வெறும் புள்ளிகளான மதகுகள் மட்டும் என்றால் சிஎஸ்வியே (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பே) போதும்.

கேட்டவர்: நன்றி. எல்லைகளும் இருப்பதால் ஜியோஜேசனையே தேர்ந்தெடுக்கிறேன்.