மார்க்டவுன் குறிப்புகள் + பேன்டாக்: தேடல் பாதியைத் தவறவிடுகிறது, துணைநூற்பட்டியலில் பெயர்கள் குழம்புகின்றன

சுவடிக்கட்டு கேட்டது:

வணக்கம். சங்க இலக்கியப் பதிப்பு வரலாற்றில் ஆய்வேடு எழுதுகிறேன். நூல் விவரங்கள் எல்லாம் ஸோட்டீரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில், அதிலிருந்து பிப் கோப்பு (நூற்பட்டியல் கோப்பு) எடுத்துத் தரும் பெட்டர் பிப்டெக்ஸ் நீட்சியோடு. குறிப்புகள் நூலுக்கு ஒரு மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட வெற்று உரை) கோப்பு. வரைவைப் பேன்டாக் என்ற கோப்பு மாற்றி வழியாக வேர்டு கோப்பாக்கி நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று, ரிப்கிரெப் என்ற உரைத் தேடல் கருவியில் 'தொல்காப்பியம்' என்று தேடினால் சில கோப்புகள் வருவதே இல்லை. திறந்து பார்த்தால் சொல் கண்ணெதிரே இருக்கிறது. 'ஔவையார்' தேடினாலும் இதே கதை.

இரண்டு, எஸ். வையாபுரிப் பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் பட்டியலில் 'பிள்ளை' என்று பகர வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மூன்று, ஸோட்டீரோவில் சில நூல்களின் ஆண்டைத் திருத்தினேன். வரைவில் நூலைச் சுட்டும் சைட் கீ (மேற்கோள் குறி) மாறிவிட்டது. இப்போது வரைவு முழுக்கக் கேள்விக்குறி.

நெடுங்கணக்கு எழுதியது:

முதல் கேள்வியில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்தும் வேறு வேறு.

'தொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் வித்தியாசம் தெரியாது. ரிப்கிரெப் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. கோ, கௌ வரிசைகளுக்கும் இதே நிலைதான். பிடிஎஃபிலிருந்து ஒட்டிய பகுதிகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தீர்வு, எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி (சேர்த்தெழுதும் யூனிகோடு வடிவம்) என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. லினக்ஸிலும் மேக்கிலும் ஐசியு என்ற யூனிகோடு நிரல்தொகுப்பின் யூகான்வ் கருவி செய்துவிடும். விண்டோஸ் என்றால் பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயல்கூறு போதும்: கோப்பைப் படி, மாற்று, எழுது, மூன்று வரி வேலை. ஏற்றுமதியான பிப் கோப்பில் செய்யாதீர்கள், அடுத்த ஏற்றுமதி அதை அழித்துவிடும். அங்கே திருத்த வேண்டியது ஸோட்டீரோ பதிவை.

ஔவையார் அப்படியில்லை. 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள்: ஒளவையார். இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள், என்எஃப்சி தொடாது. கண்ணை மூடிக்கொண்டு 'ஒள' எல்லாவற்றையும் 'ஔ' ஆக்கினால் 'ஒளி'யும் சேர்ந்து கெடும். 'கெள'வை 'கௌ' ஆக்கப் போனால் 'கெளுத்தி' மாட்டிக்கொள்ளும். ஆகவே தேடும்போதே இரண்டையும் கேளுங்கள்: (ஔ|ஒள)வை. மாற்றுவதென்றால் சொல் சொல்லாக, ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றுங்கள்.

அடிக்குறிப்பு எழுதியது:

பெயர்ச் சிக்கல் எளிது. ஒரே சரமாகக் கொடுத்த பெயரில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று, பிப் கோப்பைப் படித்துப் பட்டியல் ஆக்கும் பிப்டெக்ஸ் எடுத்துக்கொள்கிறது. 'உ. வே. சாமிநாதையர்' தற்செயலாகத் தப்பித்துக்கொள்கிறார், 'வையாபுரிப் பிள்ளை' தப்பவில்லை. ஸோட்டீரோவில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'வையாபுரிப் பிள்ளை' என்று முழுதாகவும், மற்றக் கட்டத்தில் 'எஸ்.' என்றும் போடுங்கள். கையால் பிப் கோப்பு எழுதுகிறவர்கள் காற்புள்ளியோடு எழுத வேண்டும்: வையாபுரிப் பிள்ளை, எஸ். அமைப்புகளின் பெயர் என்றால் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றுங்கள், அல்லது இரட்டை வளைவு அடைப்புக்குள் வையுங்கள். தனிமனிதர் பெயருக்கு அதைச் செய்தால் தலைப்பெழுத்தை வைத்து வரிசைப்படும். எஸ்ஸும் உவும் கலந்த பட்டியலில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இன்னும் கவனித்திருக்க மாட்டீர்கள். யூனிகோடு அட்டவணையில் ன, நவுக்கு அடுத்தும் ற, ரவுக்கு அடுத்தும் இருக்கின்றன. ள, ழ இரண்டும் வவுக்கு முன்னால். புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். பழைய பிப்டெக்ஸ் இந்த எண் வரிசையில்தான் அடுக்கும். தமிழ் அகராதி வரிசையில் 'அக்கம்' முதலில், 'அகம்' பிறகு. எண் வரிசையில் தலைகீழ். பேன்டாக்கின் மெட்டாடேட்டாவில் (கோப்பைப் பற்றிய விவரங்கள்) லாங் என்ற இடத்தில் தமிழின் ஈரெழுத்துக் குறியைக் கொடுங்கள், அந்த மொழிக்குரிய வரிசையைப் பின்பற்றும். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் பக்கம் போனால் பிப்டெக்ஸை விட்டு, அதற்கு மாற்றான பைபர்.

புல்லுருவி எழுதியது:

சைட் கீ விஷயத்தில் ஒரே விதி: ஒரு முறை வரைவில் ஏறிய கீ அதன் பிறகு மாறக்கூடாது. பெட்டர் பிப்டெக்ஸில் கீயை நிலைநிறுத்தும் வசதி இருக்கிறது. எல்லாப் பதிவையும் தேர்ந்தெடுத்து ஒரேயடியாகச் செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு ஆண்டைத் திருத்துங்கள். ஏற்கெனவே உடைந்தவற்றுக்கு: வரைவில் உள்ள பழைய கீயை அந்தந்தப் பதிவுக்குக் கையால் கொடுப்பதே நல்லது. எல்லாக் கோப்புகளிலும் தேடி மாற்றுவதைவிட வேலை குறைவு.

கீயை ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழில் வைத்தால் முதல் பதிலில் சொன்ன ஒகரத் தொல்லை கீக்குள்ளும் வந்துவிடும். குறிப்புக் கோப்பின் பெயரும் அதே கீயாக இருக்கட்டும். வரைவில் கீயைப் பார்த்ததும் கோப்பு எது என்று தெரிந்துவிடும்.

பேன்டாக்கை ஓட்டும்போது, எச்சரிக்கை வந்தாலே தோல்வி என்று நிறுத்தும் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காத கீ இருந்தால் வேர்டு கோப்பே உருவாகாது. நெறியாளர் கையில் கேள்விக்குறி போய்ச் சேருவதைவிட அது மேல். இணையத்தில் பழைய வழிகாட்டிகள் மேற்கோள்களை நிரப்பத் தனி வடிகட்டி (துணை நிரல்) ஒன்றை நிறுவச் சொல்லும், அந்த வேலையைச் செய்யும் சைட்ப்ராக் 2.11 பதிப்பிலிருந்து பேன்டாக்குக்குள்ளேயே வந்துவிட்டது, அது வேண்டாம். படம், அட்டவணை எண்களுக்கு பேன்டாக்-கிராஸ்ரெஃப் வடிகட்டியைப் பயன்படுத்தினால் கட்டளையில் அதை சைட்ப்ராக்குக்கு முன்னால் போடுங்கள். மாறிப்போனால் படக் குறிப்புகளையும் நூல் என்று நினைத்துத் தேடும்.

சுவடிக்கட்டு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கீக்களை நிலைநிறுத்திவிட்டேன், பிள்ளைகளும் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டார்கள். இன்னொன்று: 1894 புறநானூற்றுப் பதிப்பிலிருந்து பாடல் 192ஐக் காட்ட, கீக்குப் பின் காற்புள்ளி போட்டு 192 என்று எழுதினேன். பக்கம் 192 என்று அச்சாகிறது.

அடிக்குறிப்பு எழுதியது:

வெறும் எண்ணைப் பேன்டாக் பக்க எண்ணாகவே எடுக்கும். 'பாடல் 192' என்று சொல்லோடு எழுதுங்கள். அந்தச் சொல் அதற்குத் தெரியாததால் முழுவதையும் பின்னொட்டாக அப்படியே அச்சிடும். அந்தப் பதிப்புக்கு ஆசிரியர் கட்டத்தைக் காலியாக விட்டு, சாமிநாதையரைப் பதிப்பாசிரியர் கட்டத்தில் வையுங்கள். பெரும்பாலான மேற்கோள் நடைகள் அவரையே முன்னால் கொண்டுவரும். பட்டியலில் 'எட்.' என்று ஆங்கிலச் சுருக்கம் வந்தால், மேற்கோள் நடையை வரையறுக்கும் சிஎஸ்எல் கோப்பை வேறு பெயரில் சேமித்து, அதன் லொகேல் (மொழிக்குரிய சொற்கள்) பகுதியில் எடிட்டருக்கு 'பதி.' என்று எழுதுங்கள்.

குறிப்புக் கோப்பில் பாடல் எண்ணோடு பக்க எண்ணும் இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃபில் படிப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: திரை காட்டும் பக்கம் 37, அச்சில் 15. இந்த 22 பக்க வித்தியாசத்தைக் கோப்பின் முதல் வரியில் எழுதிவையுங்கள். முகவுரைக்குத் தனி எண் வரிசை இருந்தால் அதற்கும் தனியாக.

புல்லுருவி எழுதியது:

நெறியாளர் வேர்டில் திருத்தித் தந்தால், அந்தக் கோப்பில் சைட் கீக்கள் இருக்காது, வெறும் எழுத்துதான் இருக்கும். அதையே மூலமாக்கிவிடாதீர்கள். பேன்டாக்கில் டிராக் சேஞ்சஸ் விருப்பத்தை 'எல்லாம்' என்று வைத்து மார்க்டவுனாக மாற்றினால் திருத்தங்களும் கருத்துகளும் தெரியும். அவற்றைப் பார்த்து உங்கள் மூலக் கோப்பில் கையால் ஏற்றுங்கள்.