பிங் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் நின்றுவிடுகிறது: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு அலுவலகங்களை விபிஎன் டனல் (இணையத்தின் மேல் போடும் தனிப் பாதை) வழியாக இணைத்திருக்கிறோம். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்ன சோதனை) சுத்தமாகப் போகிறது, லாகின் பக்கமும் திறக்கிறது. பெரிய ஃபைல் அனுப்பினால் மட்டும் ஆரம்பித்த இடத்திலேயே நின்று, கொஞ்ச நேரத்தில் டைம்அவுட் ஆகிவிடுகிறது.

டோன்ட் ஃபிராக்மென்ட் (பாக்கெட்டை வழியில் துண்டாக்காதே என்ற குறி) போட்டு பிங் அளவை மாற்றிப் பார்த்தேன். 1372 பைட் போகிறது. 1472 போட்டால் பதிலே இல்லை. 1472-உடன் ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் நெறிமுறை) ஹெடர் 8, ஐபி ஹெடர் 20 சேர்ந்தாலே ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கான வழக்கமான உச்ச அளவு 1500 பைட் நிறைந்துவிடும். டனலின் ஹெடருக்கு இடம் ஏது? அதுவரை புரிகிறது. "பாக்கெட் பெரிது, அளவைக் குறை" என்று ரவுட்டர் திருப்பி அனுப்ப வேண்டிய ஐசிஎம்பி செய்தி ஏன் வரவில்லை என்பதுதான் புரியவில்லை. வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) பார்த்தால் ஒரே டிசிபி செக்மென்ட் (தரவுத் துண்டு) திரும்பத் திரும்ப ரீடிரான்ஸ்மிட் ஆகிறது. நடுவில் ஏதோ ஃபயர்வால் அந்த ஐசிஎம்பி செய்தியைத் தடுக்கிறதோ என்று சந்தேகம்.

டனல் இன்டர்ஃபேஸில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு செக்மென்ட்டில் போகும் அதிகபட்ச தரவு) 1360 ஆகக் குறைத்தால் சரியாகுமா? ஒரு முனையில் செய்தால் போதுமா, இரண்டிலும் வேண்டுமா? எம்எஸ்எஸ் இல்லாத யுடிபி நெறிமுறைக்கு அது உதவாதே, அதற்கு என்ன வழி? இதைச் செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.